நிலாவுக்குப் போனவர்களும் ஜுமைலாவும்

மட்டாஞ்சேரியில் நைனா முகம்மது பிறை கண்டுவிட்டார் என்றால் கண்டதுதான். அதற்கு மேல் பேச்சில்லை. பஜார் ரோட்டில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற மனிதருக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. ரமலானுக்கு முந்தின மாதம் இருபத்தொன்பதாம் நாள் அந்திக்கு ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் ஒரு பெருங்கூட்டம் மேற்கே பார்த்தபடி நிற்கும். ஆனால் பள்ளிவாசல் கத்தீபின் கண் அந்தக் கூட்டத்துக்குள் நைனாவைத்தான் தேடும். நம்பிக்கையான ஆள் ஒருவர் ‘கண்டேன்’ என்று சாட்சி சொன்னால் மறுநாள் நோன்பு. இல்லையென்றால் இன்னும் ஒருநாள் பொறுக்க வேண்டும்.

இந்தப் பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணமான புதிதில், நோன்பு முடிகிற பெருநாள் பிறை. வானம் முழுக்க மேகம். இரண்டு பேர் கண்டோம் கண்டோம் என்று துள்ளினார்கள். எங்கே என்று கத்தீப் துருவிக் கேட்டபோது ஒருவர் கை வடக்கே போனது, மற்றவர் கை தெற்கே போனது. பிறகு கத்தீப் நைனாவைக் கேட்டார். மாமனார் பக்கத்திலேயே நிற்கிறார். மறுநாள் பிரியாணிக்குக் கறி சொல்லிவைத்து, சொந்தக்காரர்களை எல்லாம் வரவழைத்திருக்கிறார். நைனா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நான் காணல” என்றார். ஊர் இன்னொரு நோன்பு பிடித்தது. மாமனார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. புதுப்பெண்ணாக இருந்த ஜுமைலா மட்டும் அன்றைக்குத் தன் புருஷனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மனுஷன் மற்ற எதில் வேண்டுமானாலும் முன்பின் சொல்லலாம், நிலா விஷயத்தில் பொய் சொல்ல மாட்டார் என்பதுதான் அந்த முடிவு.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஊரே ஒரு மனிதரின் கண்ணை மெச்சினால் அது தலைக்கு ஏறாமல் போகாது. நைனாவுக்கும் ஏறியது. வானத்தில் நடக்கிற எதற்கும் தன்னைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்தார். சரியாக அந்த நேரத்தில்தான் அக்கா மகன் அல்தாஃப் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து சிடி வாடகைக் கடை போட்டான்.

அல்தாஃப் கொண்டுவந்து கொடுத்த சிடியில் ஒரு வெள்ளைக்காரப் படம் இருந்தது. அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போகவே இல்லை, எல்லாம் பாலைவனத்தில் செட் போட்டு எடுத்தது என்பதுதான் அதன் சாரம். அல்தாஃப் நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னான். காற்றில்லாத நிலாவில் நட்ட கொடி ஆடியதாம், அதைப் பற்றி நைனாவுக்கு அக்கறை இல்லை. ஆனால் நிலாவில் எடுத்த படத்தில் வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் அவரை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. பூமியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு வளையங்கள் இருக்கின்றனவாம். நிலாவுக்குப் போகிறவன் அவற்றைக் கடந்துதான் போக வேண்டுமாம். ஆளுயரக் கனத்துக்கு ஈயம் போர்த்தாமல் அந்த ரேடியேஷனுக்குள் போனவன் உள்ளுக்குள்ளேயே வெந்து செத்துப்போவானாம்.

மறுநாளே பிச்சுமணியின் காப்பிக்கடையில் கச்சேரி தொடங்கிவிட்டது. எதிர்க்கட்சிக்கு சிவசங்கரன் இருந்தார். துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுப் பக்கத்து அய்யர், பேப்பரில் வருகிற அறிவியல் பக்கத்தை வெட்டிவைக்கிற பழக்கம் உள்ளவர். விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் கோபம் வந்தால் அவருக்கு வார்த்தை வராது, நைனாவுக்கோ கூட்டம் கூடினால்தான் வார்த்தையே வரும்.

“ஓய் நைனா, அவா நிலாவிலேர்ந்து கல்லு கொண்டுவந்திருக்காளே, அதுக்கு என்ன சொல்றீர்?” என்றார் சிவசங்கரன்.

“கல்லு ஆலுவாப் புழை ஆத்துலயும் கிடைக்கும் சாமி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஈயம் எங்கே? அந்தப் பெட்டிக்குள்ள ஈயம் எங்கே வச்சிருந்தாங்க?”

“ஈயம் வேண்டாம்யா… அது அப்படியில்லையாக்கும்…”

“ஈயம் இல்லாமப் போனான்னா செத்துருப்பான். சாகலைன்னா போகல. இதுல எது உங்களுக்கு வேணும்? நாற்பது வருஷமா ஆகாசத்தைப் பார்க்குறவன் நான், என்கிட்ட வெறுதே கதை விடாதீங்க.”

கடை சிரித்து உருண்டது. சிவசங்கரன் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அவர் அந்தக் கடைப்பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். “ஈயம் எங்கே சாமி?” என்பது பஜார் ரோட்டில் ஒரு கேலிப் பேச்சாகவே ஆகிவிட்டது. தோப்பும்படி ஹார்பருக்குக் கயிறு கொண்டுபோகும்போதுகூட படகுக்காரர்கள் நைனாவைப் பிடித்து வைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். அவரும் சரக்கை மறந்துவிட்டுச் சொல்லுவார். வீட்டுக்கு வந்து யாரை எப்படி மடக்கினேன் என்று ஜுமைலாவிடம் இன்னொரு தடவை சொல்லுவார். அவள் அரிசிமாவுப் பத்திரி தேய்த்துக்கொண்டே கேட்டுச் சிரிப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைக் கிண்டல் செய்தால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. “நிலா விஷயத்துல அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று வெட்டிவிடுவாள்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷத்தின் பாதியை ஜுமைலா தனக்கு வந்திருந்த நோயை மறைப்பதில் செலவழித்திருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. மாதவிலக்கு நின்று வெகுகாலம் ஆனவளுக்குத் திரும்பவும் உதிரம் போனது. வெளியே சொல்ல வெட்கம். ஆலுவாயில் கட்டிக்கொடுத்த மகள் ரஹீனா வந்தபோது துணியைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுத்தான் விஷயம் நைனாவின் காதுக்கு எட்டியது. மூன்று பேரும் எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் மஞ்சுஷா சின்ன வயசுதான், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் ரேடியேஷன் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை இப்போதே தொடங்க வேண்டும் என்றார். ரஹீனா அழுதாள். நைனாவுக்கு ‘குணமாக நல்ல வாய்ப்பு’ என்பது மட்டும்தான் காதில் நின்றது. ஜுமைலாவுக்கு வேறொரு வார்த்தை நின்றது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்புகிற போட்டில் அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெட்டி நெருங்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

“அந்த டாக்டர் சொன்ன ரேடியேஷன், நீங்க சொல்லுவீங்களே, நிலாவுக்குப் போற வழியில, அதுதானா?”

“சே, அது வேற. இது வேற. இது மருந்து. கரண்ட் வைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது.”

“பேரு ஒண்ணுதானே?”

“பேரு ஒண்ணா இருந்தா என்ன, நம்ம தெருவிலேயே நாலு நைனா இருக்காங்க.”

அவள் சிரிக்கவில்லை. “அதுக்குள்ள போனவன் உள்ள வெந்து சாவான்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். நைனா சுற்றுமுற்றும் பார்த்தார். போட்டில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது, போனது. ஜுமைலா அன்றைக்கு வீட்டைக் கழுவிவிட்டு, மீன் வாங்கிக் குழம்பு வைத்து, ஒன்றுமே நடக்காதது போல இருந்தாள். மாத்திரையில் உதிரம் நின்றிருந்தது, அதையே ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டாள். ரஹீனா வந்து காலைப் பிடித்துக் கெஞ்சினாள். “எனக்குப் பேடியா இருக்கு மோளே” என்று ஜுமைலா தன் பயத்தைச் சொன்னாளே தவிர வேறு பதில் வரவில்லை. ஒருநாள் மட்டும் புருஷனிடம் மனம் திறந்து, “சாகணும்னா இங்க கிடந்து உங்க கையால தண்ணி குடிச்சுட்டுச் சாகுறேன். உள்ளுக்குள்ள வெந்து சாக என்னால முடியாது” என்றாள். அந்த ‘வெந்து’ என்கிற வார்த்தை நைனாவின் வார்த்தை. பிச்சுமணியின் கடையில் கையை ஆட்டி ஆட்டி அவர் சொன்னது.

அவர் தனியாக எர்ணாகுளத்துக்குப் போய் டாக்டர் மஞ்சுஷாவின் அறை வாசலில் காத்துக்கிடந்தார். இரண்டும் வேறு வேறு என்று அந்த டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைக் கொண்டுபோய் ஜுமைலாவின் முன்னால் வைத்துவிடலாம் என்பது கணக்கு. டாக்டர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“ரெண்டும் ஒரே குடும்பம்தான் இக்கா. ஆளைக் கொல்லவும் செய்யும், பிழைக்க வைக்கவும் செய்யும். எவ்வளவு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்கிறதுதான் விஷயம். நாங்க அளந்து, குறிபார்த்துக் கொடுக்கிறோம். ஆனா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. இது காத்திருக்காது.”

வீட்டுக்கு வந்து, “அளந்து கொடுப்பாங்களாம்” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதானான்னு கேட்டீங்களா?”

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ‘இல்லை, வேறதான்’ என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அது அவருக்கு வரவில்லை. வேறு எதற்காவது என்றால் வந்திருக்கும். கயிற்று நீளத்தைப் பற்றி அவர் சொன்ன பொய்கள் எத்தனையோ உண்டு. நிலாவின் பக்கம் போனால் மட்டும் நாக்கு மடங்கிக்கொள்கிறது. ஜுமைலா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். சிவசங்கரனின் வீட்டு வாசலில் போய் நிற்க நைனாவுக்குக் கால் கூசியது. அவர் மனைவி கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, சிவசங்கரன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆளைக் கண்டதும் முகம் இறுகியது.

“என்ன ஓய், ஈயம் வேணுமா?”

“ஆமா சாமி” என்றார் நைனா. “அவங்க எப்படிச் சாகாம இருந்தாங்கன்னு எனக்குச் சொல்லுங்க. நீங்க ஜெயிச்ச மாதிரியே வச்சுக்குங்க. எனக்குத் தெரியணும்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். பாதியிலேயே சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கோபம் இல்லாதபோது அந்த மனுஷனுக்கு எவ்வளவு நன்றாகப் பேச வருகிறது!

“இதோ பாரும். நடு வெயில்ல தோணியேறி வல்லார்பாடத்துக்குப் போயிட்டு வரீர். தலை கொஞ்சம் காயும், அவ்வளவுதான். அதே வெயில்ல நாள்பூரா தோணியிலேயே கட்டிப்போட்டா என்ன ஆவீர்? அவா அந்த வளையத்துல குடியிருக்கப் போகலை. கனம் குறைஞ்ச பக்கமாப் பார்த்து வேகமாக் குறுக்கே பாஞ்சுட்டா. சில மணி நேரம். உடம்புல பட்டதை அளக்க ஒரு கருவியும் சட்டையிலேயே வச்சிருந்தா. பட்டது கொஞ்சம்தான்.”

“அப்போ பயம் ஒண்ணும் இல்லையா?”

சிவசங்கரன் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். “இல்லைன்னு சொன்னா நான் பொய் சொல்றவனாயிடுவேன். சூரியன் அப்பப்போ வெடிச்சுக் கக்கும். அவா நடுவழியில இருக்கறச்சே பெரிசா ஒண்ணு கக்கியிருந்தா ஆபத்தாத்தான் போயிருக்கும். ஒருதடவை ரெண்டு பயணத்துக்கு நடுவுல அப்படி ஒண்ணு வரவும் செஞ்சது. அந்தச் சமயம் மேலே ஆரும் இல்லை. தெரிஞ்சுதான் போனா, ஓய். பயமில்லாம ஆரும் போகலை.”

நைனா எழுந்தபோது சிவசங்கரன் வாசல்வரை வந்தார். “நான் அன்னைக்கே நிதானமாச் சொல்லியிருக்கணும். எனக்குக் கோபம் வந்துட்டா…” என்று இழுத்தார். நைனா அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் ஜுமைலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தோணி, வெயில், அளக்கிற கருவி, சூரியன் கக்கியது, ஒன்றையும் விடவில்லை. போனவர்கள் போனதுதான், நான் சொன்னது தப்பு என்று வாய் திறந்து சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

“அவங்க பொண்டாட்டிமாரு அப்போ என்ன செஞ்சுட்டு இருந்தாங்க?”

“எனக்கெப்படித் தெரியும்? வீட்டுல டிவி பார்த்துட்டு இருந்திருப்பாங்க.”

“பாவம்” என்றாள் ஜுமைலா. அந்த ஒரு சொல்லில் நைனாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்படியென்றால் நாளைக்கே போகலாமா என்று கேட்டார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“ஒரு வருஷமாப் போகலைன்னு சொன்னீங்க. எனக்கு நோவு வந்ததும் போனாங்கன்னு சொல்றீங்க. என்னை அனுப்புறதுக்காக மாத்திச் சொல்றீங்க. அன்னைக்கு எங்க வாப்பா மூஞ்சிக்காகக்கூடப் பிறையை மாத்தாத ஆளு நீங்க. இப்போ எனக்காக மாத்துறீங்க. எனக்கு அதுதான் இன்னும் பேடியா இருக்கு.”

கட்டிவைத்த பெயரே சுவராக எழும்பி நடுவில் நின்றது. உண்மையைச் சொன்னாலும் அவளுக்கு அது இரக்கத்தில் சொன்ன பொய்யாகத்தான் கேட்கிறது. நைனா கடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிச்சுமணியின் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். விஷயம் தெரியாத யாராவது ஈயத்தைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுந்தார். ஜுமைலா மெலிந்துகொண்டே வந்தாள், இடுப்பு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அல்தாஃப் ஒருநாள் கடைக்கு வந்து, “மாமா, நான் அந்தச் சிடியைக் கொண்டுவந்திருக்கவே கூடாது” என்று கண் கலங்கினான். “சிடி வீடு வீடாப் போய்ப் பேசலடா, நான்தான் பேசினேன்” என்றார் நைனா.

அந்த நிலையில்தான் ரமலான் பிறை பார்க்கிற நாள் வந்தது. வழக்கம்போலக் கடற்கரையில் கூட்டம். சீன வலைகளுக்கு அப்பால் சூரியன் இறங்கிவிட்டது, அடிவானத்தில் மேகம் பிரிந்து ஒரு கீற்று இடம் விட்டிருந்தது. நைனா போகவேண்டாம் என்றுதான் இருந்தார். போகாவிட்டால் ஊர் அதைப் பற்றி வேறு கதை கட்டும் என்று நினைத்துப் போனார். கூட்டத்தின் ஓரமாக நின்றார். பழகிய கண் தானாக அந்த இடத்துக்குப் போனது. மெல்லியதாக, வளைந்து, அங்கே இருந்தது. வேறு யாரும் அதுவரை வாய் திறக்கவில்லை.

கத்தீப் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். “நைனா, கண்டீங்களா?”

“கண்டேன்” என்றார். கூட்டத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள், “ஆனா என் சாட்சியை எடுக்காதீங்க” என்றார்.

கத்தீபுக்குப் புரியவில்லை. “என்ன சொல்றீங்க? கண்டீங்களா, காணலியா?”

“கண்டேன். அதோ அந்த மேகத்துக்கு மேல, இடதுபக்கம். கண் நல்லா உள்ளவங்க பார்த்துச் சாட்சி சொல்லட்டும். என் வாக்கு வேண்டாம். ஒரு வருஷமா இந்த ஊருல நிலாவைப் பத்திக் காணாததைக் கண்ட மாதிரி சொல்லிட்டு நடந்தேன். யாரும் போகலைன்னு சொன்னேன். போகலைங்கறதை நான் கண்டேனா? ஒரு சிடியைப் பார்த்துட்டு, நாலு பேரு சிரிச்சாங்கங்கறதுக்காகச் சொன்னேன். என் வீட்டுல ஒருத்தி அதை அப்படியே நம்பி, மருந்துக்குப் போகமாட்டேன்னு நோவோட உட்கார்ந்திருக்கா.” கத்தீபின் பக்கம் திரும்பினார். “காணாததைச் சொன்னவன் சாட்சிக்கு ஆக மாட்டான்.”

யாரோ ஒருவன் பின்னால் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். “அது வேற விஷயம் நைனா” என்றார் கத்தீப் தணிவாக. “நிலா ஒண்ணுதானே” என்றார் நைனா. அதற்குள் அல்தாஃபும் இன்னும் இரண்டு பேரும் மேகத்துக்கு மேலே கையைக் காட்டிவிட்டார்கள். கத்தீப் அல்தாஃபை அருகில் அழைத்து, எங்கே கண்டாய், எப்படிக் கண்டாய் என்று விசாரிக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து வருஷம் அந்த இடத்தில் நின்றவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஏறினார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். அந்தக் கடற்கரையில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தச் சாட்சிதான்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அந்த ஊரில் செய்திக்கு ஆட்டோ தேவையில்லை. ஜுமைலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“பிறை தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. நாளைக்கு நோன்பு.”

“யாரு சாட்சி?”

“அல்தாஃப்.”

“அவனா?” என்றாள். “அவனுக்கு ரோட்டுல வர்ற பஸ்ஸே சரியாத் தெரியாதே!” சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நைனா என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெளியே தெருவில் பையன்கள் நோன்பு நோன்பு என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“அத்தனை பேருக்கு முன்னாலயா சொன்னீங்க?”

“ம்.”

“இனி உங்களைக் கேட்கமாட்டாங்களே.”

“கேட்கவேண்டாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். “அந்த ஆளுங்க நிலாவுக்குப் போனாங்களோ போகலியோ, எனக்கு இப்பவும் தெரியாது. பேடியும் போகல. ஆனா எனக்காக நீங்க பொய் சொல்றதா இருந்தா உங்க பிறைச் சாட்சியை விட்டுக்கொடுத்திருக்க மாட்டீங்க. எனக்கு அது மதி, அது போதும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க.”

டாக்டர் மஞ்சுஷா திரும்பவும் பரிசோதித்துவிட்டு நைனாவை மட்டும் தனியே கூப்பிட்டார். முன்பு சொன்ன ‘நல்ல வாய்ப்பு’ என்பதை இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. நோய் கொஞ்சம் பரவியிருக்கிறது, முயற்சி செய்வோம் என்றார். முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நைனா தானே சொல்லி முடித்துக்கொண்டார். இனி எத்தனை வருஷம் இருந்தாலும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

முதல் நாள். கரண்ட் வைக்கிற அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் ஒரு முழத்துக்கும் மேல் கனம். கதவில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கைப் படம். யந்திரத்தை இயக்குகிற பினு என்கிற பையன் கதவை இழுக்கும்போது அது நகர மறுப்பது போல மெதுவாக நகர்ந்தது. “என்ன இவ்வளவு கனம்?” என்று கேட்டார் நைனா. “உள்ளே ஈயம் வச்சிருக்கு இக்கா” என்றான் பினு. ஊரெல்லாம் கேட்ட கேள்விக்கு இங்கே வந்து பதில் கிடைத்தது.

உள்ளே ஜுமைலாவை மேஜையில் படுக்கவைத்து, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, நர்ஸும் பினுவும் வெளியே கிளம்பினார்கள். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் போறாங்களே?” என்றாள். குரல் சின்னப் பெண்ணின் குரல்போல இருந்தது. “ஒண்ணும் இல்லைன்னா இவங்க எதுக்கு வெளியே போறாங்க?”

அதற்கு நைனாவிடம் பதில் இருந்தது. இவர்கள் தினமும் நாள்பூரா வெயிலில் நிற்கிறவர்கள், நீ தோணியில் போய்விட்டு வருகிறவள் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் பினு அவர் தோளைத் தொட்டு வெளியே அழைத்துவிட்டான். கதவு மூடிக்கொண்டது.

வெளியே ஒரு சின்ன மேஜையில் ஒரு சின்ன டிவி இருந்தது. நோன்பு வாயோடு கதவையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்துப் பினுவுக்கு என்ன தோன்றியதோ, “இங்கே வந்து பாருங்க” என்று கொஞ்சம் நகர்ந்தான். கறுப்பு வெள்ளைப் படம். புள்ளி புள்ளியாக, மங்கலாக, நடுவே ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெரிய யந்திரமும் அதன் கீழே வெள்ளைத் துணி மூடிய ஓர் உருவமும். ஜுமைலா என்றால் ஜுமைலா, வேறு யாரோ என்றால் வேறு யாரோ. இதை எங்கோ செட் போட்டு எடுத்தது என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்! ஒரு வருஷம் அவர் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்? இப்போது அந்தப் புள்ளிகளுக்குள் அவள் இருக்கிறாள் என்று நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள், நிலாவுக்குப் போனவர்களை வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மனைவிமார். பாவம் என்று ஜுமைலா சொன்னது இதற்குத்தான் என்று இப்போதுதான் விளங்கியது.

பினு ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. படத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. நைனா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மேகத்துக்குள் பிறை தேடிய கண்ணால் தேடினார். வெகு நேரம் கழித்து அவளுடைய உதடு அசைவது தெரிந்தது, ஓதிக்கொண்டிருந்தாள். கண் இமைக்காமல் அந்த உதட்டையே பிடித்துக்கொண்டு நின்றார்.

விளக்கு அணைந்தது, கதவு திறந்தது. ஜுமைலா தலையில் முக்காட்டுத் தட்டத்தைச் சரிசெய்துகொண்டு தன் காலாலேயே நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவர் அருகில் வந்து நின்று, அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

“உள்ள இருக்கும்போது என்னைக் கண்டீங்களா?”

“கண்டேன்” என்றார் நைனா முகம்மது. கடற்கரையை விட்டு வந்த பிறகு அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கும் இங்கேயே நின்னு பாருங்க” என்றாள். “எனக்கு வேற சாட்சி இல்ல.”